மலைக்குப் போன நாற்பது நம்பர் ஆயில்

பெருமாட்டிப் பக்கம் ஒரு வீட்டின் கேட் கிறீச்சிட்டால், அந்த வீட்டுக்காரருக்கும் மோகனசுந்தரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். பேச்சுவார்த்தை உள்ள வீடுகளின் கேட்டுகளெல்லாம் சத்தமில்லாமல் திறக்கும், சத்தமில்லாமல் மூடும். அவருடைய பைக்கின் பக்கப் பெட்டியில் நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை ஒன்று எப்போதும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, முதலில் கீலுக்கு இரண்டு சொட்டு விட்டு, கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். துக்க வீட்டில்கூட இதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மனுசனுக்கு வாயால் ஆறுதல் சொல்ல வராது என்பது ஊருக்கே தெரியும்.

தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் வைத்திருப்பவர். அவர் வாலிபராக இருந்தபோது தோப்புக்குத் தண்ணீர் இறைத்தது ஒரு டீசல் இஞ்சின். இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி அதைக் கிளப்புவது அவர் வேலை. அந்த இஞ்சினுக்கு நாற்பது நம்பர் ஆயில். இந்த ஊர் வெயிலில் லேசான எண்ணெயெல்லாம் தண்ணீராக இளகிப் போகும், தடித்த நாற்பதுதான் தாக்குப்பிடிக்கும் என்று அன்றைக்கு ஒரு முடிவு கட்டினார். அதற்கப்புறம் அந்த முடிவை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை. டீசல் இஞ்சின் போய் டில்லர் வந்தது, டில்லருக்குப் பின் இன்னும் என்னென்னவோ வந்தன. எண்ணெய் ஊற்ற வாயுள்ள எதற்கும் நாற்பதையே ஊற்றினார். எல்லாம் ஓடவும் செய்தன. பெருமாட்டி வெயில் அவர் கட்சியில் இருந்தது.

அவருக்கு ஒரே மகள், செல்வப்பிரியா. கோயம்புத்தூரில் ஹோட்டல் படிப்புப் படித்தவள், கூடப் படித்த முனீஸ்வரனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையனுக்கு மலைமேல் உடும்பஞ்சோலை. அப்பா இல்லை. அம்மா சுருளியம்மாள் ஏலத்தோட்டத்தில் காய் பறித்து அவனை ஆளாக்கியவர். மோகனசுந்தரம் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை, கல்யாணத்தையும் குறையில்லாமல் நடத்தினார். ஆனால் பந்தியில் யாரோ மாப்பிள்ளையின் ஊரைப் பற்றி விசாரிக்க, "அந்தக் குளுருக்குள்ள என்னத்தைங்க வெளையப் போகுது" என்று சொல்லிவிட்டார். புடவை மாற்றிக்கொண்டு சாப்பிட வந்த மகளின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியதை அவரும் பார்த்தார். அந்த வார்த்தையை மூடி மறைக்க உடனே இன்னொரு வார்த்தை வேண்டியிருந்தது. எவ்வளவு துழாவியும் அது அவரிடம் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு பொங்கலுக்கும் ஆடிக்கும் மகள் மருமகனோடு வந்து போனாள். அவர்தான் மலையேறவில்லை. கேட்டால் தேங்காய் வெட்டு என்பார், மோட்டார் காயில் போய்விட்டது என்பார். மனைவி கமலாத்தாள் மட்டும் பஸ் பிடித்துப் போய் வந்தாள். "ஊர்க் கதவுக்கெல்லாம் எண்ணெய் ஊத்தறீங்க. பெத்த புள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசறதுக்கு என்னங்க வந்துச்சு" என்று அவள் கேட்டபோது, மனுசன் எழுந்து போய் மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு எண்ணெய் விட்டார்.

அப்படி இருக்கையில் ஒரு மார்கழி மாதத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. மலை வீட்டின் மாடியில் அறைகள் கட்டி, முன்பு ஏலக்காய் காயப்போட்ட களத்தில் புல் வளர்த்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக அவளும் முனீஸ்வரனும் நடத்திக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒரு நிச்சயதார்த்தம் அங்கே நடக்கப் போகிறது. கட்டப்பனை மலையாளக் குடும்பம். புல்தரை நன்றாக இருக்க வேண்டும், "புல்தகிடி நன்னாயிட்டு வேணம்" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறார்களாம்.

"மழை நின்னதுல இருந்து புல்லு முட்டி வரைக்கும் வளந்து கெடக்குதுங்கப்பா. தோளுல மாட்டற மெஷின்ல வெட்டுனா அங்கங்க சொட்டை விழுந்துபோகுது. தள்ளிக்கிட்டுப் போற மெஷின் அங்க எங்காச்சும் கெடைக்குங்களா?"

அவள் பணம் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் திணறியிருப்பார். மெஷின் கேட்டாள். மோகனசுந்தரத்துக்குக் காலுக்கடியில் தரை தட்டியது போல இருந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மில்லின் குடியிருப்பில், துரு ஏறி ஒரு புல் வெட்டும் மெஷின் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளேடைச் சாணை பிடித்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், சக்கரங்களுக்குப் புது ரப்பர் போட்டார். கடைசியாகப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, நாற்பதை ஊற்றினார். தோப்பு வரப்பில் வைத்துக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. கமலாத்தாளைக் கூப்பிட்டு நிறுத்தி, மெஷினை அணைத்து மறுபடி கிளப்பிக் காட்டினார்.

மகள் வீட்டுக்கு முதல்முறை போகிற அப்பன் வெறுங்கையோடு போக முடியுமா? பிக்கப் வண்டியில் மெஷின் ஏறியது. சீராக அரிசி மூட்டை, தேங்காய், சொந்தக் கொப்பரையைச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் எல்லாம் ஏறின. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கேன் நிறைய நாற்பது நம்பர் ஆயில் ஏறியது. பெண் வீட்டுச் சீரில் இஞ்சின் ஆயில் வைத்த முதல் மனுசன் அநேகமாக அவராகத்தான் இருக்கும். உடுமலை, மறையூர், மூணாறு என்று வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் உடும்பஞ்சோலை போய்ச் சேர்ந்தார். மகள் வீட்டுக் கேட்டைத் தள்ளினார். கிறீச்சிட்டது. அவருக்கு அப்போதுதான் மூச்சு நேராக வந்தது. குவளையை எடுத்தார்.

"வாங்கண்ணே. மக முகத்தப் பாக்குறதுக்கு முன்னால கதவு முகத்தப் பாக்குறீங்க" என்றார் உள்ளேயிருந்து வந்த சுருளியம்மாள். தலையில் மப்ளர், கையில் ஆவி பறக்கும் தேநீர். செல்வப்பிரியா பின்னால் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் கேட் இன்னொரு முறை துருப்பிடித்தாலும் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. வெளியே பஞ்சு மூட்டையாக மூடுபனி. சுருளியம்மாள் மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். முனீஸ்வரன் போனில் படம் பிடித்தான். மோகனசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்தார்.

கயிறு வரவில்லை. நுகத்தடியைக் கண்ட சண்டி மாடு மாதிரி உள்ளே எதுவோ காலை ஊன்றிக்கொண்டு நின்றது. பலங்கொண்ட மட்டும் இழுத்தபோது வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் சுழன்று, ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கியது. அவர் இழுத்து ஓய்ந்ததும் முனீஸ்வரன் இழுத்தான். வண்டி ஓட்டி வந்த டிரைவரும் இழுத்துப் பார்த்தார். தும்மல்கூட வரவில்லை.

"ஊட்ல ஒரே இழுப்புல வந்துச்சுங்க மாப்ள" என்றார் மோகனசுந்தரம். மெஷின் மேல் புகார் சொல்வது போலவும் இருந்தது, மன்னிப்புக் கேட்பது போலவும் இருந்தது.

பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பெட்ரோலை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து, ஊதி, சேர்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். மெஷினின் உறுப்புகள் எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டார், ஒன்றைத் தவிர. பக்கத்தில் குந்தியிருந்த சுருளியம்மாள் அதைத்தான் கேட்டார்.

"எண்ணெய் சரியா இருக்காண்ணே?"

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். "எண்ணெய் எங்க ஊட்ல இருந்து கொண்டாந்ததுங்க."

அதற்கு மேல் என்ன கேட்பது? சம்பந்தியம்மாள் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

பனி விலகுவதாக இல்லை. மறுநாள் மதியம் நிச்சயதார்த்தம். முனீஸ்வரன் வீட்டுக்குப் பின்புறம் போய், தோளில் மாட்டும் மெஷின் வைத்திருக்கிற ஆளுக்குத் தாழ்ந்த குரலில் போன் செய்தான். மாமனார் காதில் விழக்கூடாது என்று அவன் அவ்வளவு தூரம் போனது மோகனசுந்தரத்துக்குத் தெரிந்தது. போனது நல்ல மனசால்தான் என்பதும் தெரிந்தது. அதனால் இன்னும் கூடுதலாக வலித்தது.

செல்வப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பரவாயில்லைங்கப்பா. நீங்க வந்ததே போதுமுங்க."

அவளுக்கு அது போதும்; அவருக்குப் போதவில்லை. சொல்லத் தெரியாததையெல்லாம் சேர்த்துத்தான் அவர் அந்த மெஷினை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அது ஓடாவிட்டால், பந்தியில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இந்த வீட்டில் அவருடைய கடைசி வார்த்தையாக நிற்கும். குளுருக்குள் ஒன்றும் விளையாது என்றவன் கொண்டுவந்த மெஷினும் குளுருக்குள் விளங்கவில்லை என்று ஆகும். கைகளில் கறுப்பு மசியோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"குளிச்சிட்டு வாங்கண்ணே, சுடுதண்ணி இருக்கு. தலையில எண்ணெய் வச்சா மூளை வேல செய்யும்" என்று சுருளியம்மாள் விரட்டினார். முதல் நாள் மோகனசுந்தரம் கொண்டுவந்த செக்கு எண்ணெயிலிருந்தே ஒரு பாட்டில் நிரப்பிக் குளியலறையில் வைத்திருந்தார்கள்.

மோகனசுந்தரம் பாட்டிலைக் கவிழ்த்துக் கையை நீட்டினார். ஒன்றும் விழவில்லை. குலுக்கினார். அடியில் தட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாட்டில் முழுக்க வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பை அடைத்து வைத்தது போல இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, இந்தப் பாட்டில்ல என்னமோ வேற இருக்குதுங்க."

வெளியே சுருளியம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பாத்திரம் அதிர்ந்தது. "உங்க எண்ணெய்தாண்ணே. இங்க வந்தா எல்லா எண்ணெயும் போர்வை போத்திப் படுத்துக்கிரும். அந்த சன்னல்ல ஈர்க்குக் குச்சி இருக்கு பாருங்க, அத விட்டுத் தோண்டி எடுங்க. நாங்க அடுப்பு மேட்டுல வச்சு வச்சுத்தான் பொழங்குறோம்."

பெருமாட்டியிலும் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் ஓரத்தில் கொஞ்சம் உறையும். ஆனால் வெயில் வந்ததும் இளகிவிடும். இப்படிப் பகலில் கல்லாகி நின்று அவர் பார்த்ததில்லை. தன் தோப்பில் காய்த்து, தன் களத்தில் காய்ந்து, தன் கண் முன்னால் ஆட்டிய எண்ணெய். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வந்த இடம் வேறு. மோகனசுந்தரம் ஈர்க்குக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பாட்டிலையே பார்த்தார். பிறகு சத்தமாக, தனக்குத்தானே, "அட கூறு கெட்டவனே" என்றார்.

இடுப்பில் துண்டோடு வெளியே ஓடிவந்த சம்பந்தியைப் பார்த்து சுருளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோகனசுந்தரத்துக்கு வெட்கப்பட நேரமில்லை. மெஷினில் எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சியை உருவினார். நாற்பது நம்பர் சொட்டவில்லை. குச்சியின் நுனியில் கம்பிப் பாகாக ஒட்டிக்கொண்டு, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"எண்ணெய்தானுங்க மாப்ள" என்றார் முனீஸ்வரனிடம். "வேற ஒண்ணுமில்லீங்க. நான் கொண்டாந்த எண்ணெய்தான்." இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, குதிக்கலாம் போல இருந்தது. "கடை எங்கிருக்குது? வண்டிய எடுங்க."

"சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க மாமா" என்றான் முனீஸ்வரன்.

கம்பம்மெட்டுக்கு ஜீப்பில் போனார்கள். வழியெல்லாம் ஏலக்காய் உலர்த்தும் வாசனை. மாநில எல்லைச் செக்போஸ்டைத் தாண்டாமல் இந்தப் பக்கமே ஞானஜோதி என்ற பெண் இருசக்கர வண்டிச் சாமான் கடை வைத்திருந்தாள். நாற்பது என்ற ஒரு சொல்லைத் தவிர எண்ணெய்க் கடையில் வேறெதுவும் பேசியறியாத மோகனசுந்தரம், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தேவையை விளக்கிச் சொன்னார்.

"புல்லு வெட்டற மெஷினுக்குங்க. பனிக்குள்ள காலங்காத்தால இழுத்தாலும் வரோணும். உள்ள போயித் தூங்கக் கூடாதுங்க."

"பெட்ரோல்ல கலக்குறதாண்ணே, தனியா ஊத்துறதா?"

"தனியாத்தானுங்க."

அவள் ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். இருபது நாற்பது என்று போட்டிருந்தது. பிறகு அவளே தலையை ஆட்டி, அதைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதில் பத்து, முப்பது. "இதுல முன்னாடி இருக்குற நம்பர் குளுருக்கு. அது சின்னதா இருந்தா குளுருலயும் இளக்கமா ஓடும். பின்னாடி இருக்குறது இஞ்சின் சூடானதுக்கப்புறம். இங்க ஸ்கூட்டர் வச்சிருக்கவங்க எல்லாம் இதான் வாங்குறாக."

திறந்திருந்த ஒரு டப்பாவிலிருந்து ஒரு சொட்டு வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். தண்ணீர் மாதிரி வழுக்கியது. அவருடைய ஆயுசு முழுக்க இப்படிப்பட்ட எண்ணெயைப் பார்த்தால் முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதுவரை விரல் சொன்னதைத்தான் நம்பினார். ஆனால் விரலும் பெருமாட்டியிலிருந்து வந்ததுதானே என்று நினைத்துக்கொண்டார். "ரெண்டு டப்பாவாக் குடுங்க" என்றார்.

திரும்பி வந்ததும் மெஷினைச் சாய்த்து நாற்பதை வடித்தார்கள். அது நூலாக இறங்கி முடிவதற்குள் சுருளியம்மாள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து, தம்ளரும் கழுவி வைத்துவிட்டார். புது எண்ணெயை மோகனசுந்தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், குச்சியை விட்டுப் பார்த்தார், கோட்டைத் தொட்டதும் நிறுத்தினார். கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

சின்ன வயதில் அவள் டீசல் இஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி கேட்டு அழுவாள். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு என்று ஒரு நாளும் கொடுத்ததில்லை.

"நீ இழு சாமி" என்றார்.

செல்வப்பிரியா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, மெஷினின் மேல் ஒரு கையை ஊன்றி, இழுத்தாள். கயிறு விறுவிறுவென்று வந்தது. மெஷின் ஒருமுறை இருமி, பனிக்குள் நீலப் புகை ஒன்றை ஊதிவிட்டு, கிளம்பியது. கிளம்பி நின்று ஓடியது. சுருளியம்மாள் குலவையிட்டார். எதிர் மேட்டில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்து, அவர்களும் பதிலுக்குக் குலவையிட்டார்கள். தோள் மெஷின்காரர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்து, தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்று பொழுதோடு பொழுதாக மோகனசுந்தரம் மேலும் கீழும் மெஷினைத் தள்ளினார். முட்டியளவு புல் என்பதால் பிளேடை உயர்த்தி வைத்து ஒருமுறை, இறக்கி வைத்து ஒருமுறை. அவர் தள்ளி ஓய்ந்ததும் மகள் தள்ளினாள். அவளிடமிருந்து சுருளியம்மாள் பிடுங்கி, மப்ளர் பறக்கத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனைக்காரர்கள் வந்து இறங்கியபோது, பச்சை ஜமக்காளம் விரித்தது போலக் களம் கிடந்தது. பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த மனுசரே மோகனசுந்தரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தக் குளிரில் புல் எப்படி இப்படி நிற்கிறது என்று கேட்டார். செல்வப்பிரியா பாயசம் ஊற்றிக்கொண்டு அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தாள்.

மோகனசுந்தரம் தேவைக்கு மேலேயே குரலை உயர்த்தினார். "இந்தக் குளுருல எல்லாம் நல்லா வெளையுமுங்க. நமக்குத்தான் தெரியாமப் போச்சு."

மகள் அவர் தம்ளரில் பாயசம் ஊற்றினாள். வழிகிற வரைக்கும் ஊற்றினாள். துடைக்கக் குனிந்தவள், எழுந்திருக்கும்போது கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். ஊர் திரும்பும்போது நாற்பது நம்பர் கேனை அவர் வண்டியில் ஏற்றப் போக, அவள் விடவில்லை. கேட்டுக்கு ஆகும் என்று பிடித்து வைத்துக்கொண்டாள்.

"மெஷினுக்கு எண்ணெய் மாத்தறப்போ வேற ஆரும் தொடக் கூடாது. நான் வந்து மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

மாசிகூட இன்னும் பிறக்கவில்லை. கேட் திறக்கிற சத்தமே இல்லாமல் அவர் மறுபடி வந்து முற்றத்தில் நின்றார். கூடவே கமலாத்தாள், கையில் முறுக்கு டப்பா. சுருளியம்மாள் மெஷினிடம் போய்க் குச்சியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் பொன்னாக மின்னியது.

"இன்னும் கறுக்கவே இல்லையேண்ணே."

"மாத்திப் போடறது நல்லதுங்க" என்றார் மோகனசுந்தரம். "இருந்து பாத்து, மெதுவா மாத்திக்கலாமுங்க."

சுருளியம்மாள் குச்சியைத் துடைத்து மாட்டிவிட்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "செல்வி, உங்கப்பா வந்துருக்காக. அந்தத் தேங்காய் எண்ணெய அடுப்பு மேட்டுல வை."